அண்ணன் மூடி வைத்த குரல்

அந்தக் கணினி ஆட்டம் இப்போது இல்லை. நடத்தி வந்த கம்பெனி கடையை மூடிவிட்டது. போன மாதம் பொடியன் போன் செய்தான். பொடியன் என்றால் எங்கள் கடைக்குட்டித் தம்பி. செல்போன் பழுது பார்க்கிறவன், இப்போது தலையில் பாதி முடி கொட்டிவிட்டது, ஆனாலும் எங்களுக்குப் பொடியன்தான். "அக்கா, சர்வரே போயிடுச்சு" என்று ஏதோ சாவுச் செய்தி சொல்கிற மாதிரி சொன்னான். "அதுக்கென்னடா இப்போ, போய் வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை எனக்கு. அன்றைக்கு ஒரு லென்ஸை அளவுக்கு மேல் தேய்த்துவிட்டு முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வண்டி ஆட்டம் என்றுதான் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர். நான்கு பேர் ஓர் அணி. ஒரு சரக்கு வண்டியைத் தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு போய் மறுகோடியில் சேர்க்க வேண்டும். எதிரணி ஆட்கள் சந்துபொந்துகளில் ஒளிந்திருந்து சுடுவார்கள். அடிபட்டு விழுந்தால் கூட்டாளி யாராவது பக்கத்தில் வந்து கைகொடுத்து எழுப்பலாம். யாரும் வராவிட்டால் அந்தச் சுற்று முடியும்வரை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இவ்வளவுதான் ஆட்டம். இதற்கா இவ்வளவு பேச்சு என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவருக்கென்ன தெரியும், அவர் ஒற்றைப் பிள்ளை.

நாங்கள் மூன்று பேரும் வளர்ந்த வீட்டில் கூடத்து மூலையில் ஒரே ஒரு கணினி இருந்தது. ஒரே நாற்காலியில் அண்ணன் பாதி, நான் பாதி. மவுஸ் அண்ணன் கையில், விசைகள் என் கையில். பொடியன் எங்கள் இருவர் கக்கத்துக்கும் நடுவே தலையை நுழைத்துக்கொண்டு "அங்க, அங்க, சுடு, சுடு" என்று கத்துவான். அண்ணன் பார்க்கிற பக்கம் நான் நடக்க வேண்டும், நான் நடக்கிற பக்கம் அண்ணன் பார்க்க வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, எங்களை அடிக்க ஆள் கிடையாது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோய் மின்சாரத்தையே நிறுத்திவிடுவாள். அந்த இருட்டில் மூவரும் ஒரே குரலில் "அம்மா!" என்று அலறியதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பிறகு ஆளுக்கொரு ஊர் ஆனோம். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் அவரவர் வீட்டிலிருந்து வண்டி ஆட்டத்தில் சேர்ந்துகொள்வோம். அந்தக் காலத்தில் அதில் பேச முடியாது. ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதில் தட்டச்சு செய்துதான் சொல்ல வேண்டும்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் மேஸ்திரி. வருகிற லாரிகளை முற்றத்தில் நின்று பின்னுக்கு எடுக்க வைத்து, மேடையோடு ஒட்டி நிறுத்துவது அவர் வேலை. "வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடி... வரட்டும்... போதும்!" இதுதான் நாள் முழுக்க. மற்ற மேஸ்திரிகள் விசில் வைத்திருந்தார்கள். அப்பா வைத்துக்கொள்ளவில்லை, அவருக்குத் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான். "தண்ணி கொண்டா" என்றால் பக்கத்து வீட்டில் யாராவது எழுந்துவிடுவார்கள். எனக்கும் அந்த வாய்தான் வந்திருக்கிறது என்று அம்மா சொல்வாள். இருக்கட்டும், ஒருத்திக்காவது வர வேண்டாமா?

அண்ணனும் அதே கிடங்கில் லாரி ஓட்டினான். ஒருநாள் அப்பா சொல்லச் சொல்ல அவன் பின்னுக்கு எடுத்த லாரி, கூரையைத் தாங்குகிற தூணில் போய் இடித்தது. சுமை இறக்குகிறவர்கள், டிரைவர்கள், ஆபீஸ்காரர்கள் எல்லோரும் ஓடிவந்துவிட்டார்கள். அப்பா அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். "உன்னைப் பெத்ததுக்குப் பதிலா இந்தத் தூணைப் பெத்திருக்கலாம்டா. கூரையையாவது தாங்கியிருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அண்ணனுக்குக் கிடங்கில் "தூண்" என்று பெயர். தேநீர் கொடுப்பவர்கூட "தூணுக்கு ஒரு டீ" என்றாராம். அந்த வாரமே அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு நகரத்துக்குப் போய்விட்டான். அங்கே பேருந்து ஓட்டினான், கல்யாணம் செய்துகொண்டான், ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. கல்யாணத்துக்கு அப்பா போனார், ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்தார். குழந்தையைப் பார்க்க அம்மா மட்டும் போனாள். "வீட்டைப் பூட்டிட்டு எப்படி வர்றது" என்றார் அப்பா, என்னவோ வீட்டுக்குள் புதையல் இருக்கிற மாதிரி. அப்பாவும் அண்ணனும் ஒரு வார்த்தை பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் அம்மாவுக்குத்தான் போன் செய்வான். அப்பா எடுத்தால் அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும்; அப்பாவும் ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம்.

எங்கள் அணியில் நான்காவது ஆளாக இருந்த பொடியனின் சிநேகிதன் விலகிக்கொண்டபோதுதான் பொடியன் அந்தக் காரியத்தைச் செய்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, டிவியில் செய்தி வாசிப்பவர்களைத் திட்டிக்கொண்டிருந்த அப்பாவை உட்கார வைத்துச் சேர்த்துவிட்டான். திரையில் "மேஸ்திரி" என்று ஒரு பெயர் வந்து நின்றது.

"யார் இது?" என்று அண்ணன் தட்டினான்.

"அப்பா" என்று நான் தட்டினேன்.

ஆட்டத்தை விட்டே போய்விடுவான் என்று நினைத்தேன். பிறகு வந்தது: "வண்டிக்குப் பின்னாடி நிக்கச் சொல்லு. முன்னாடி வந்தா செத்துடுவார்."

அப்பா எங்கே நின்றாலும் செத்தார். ஏனென்றால் அவர் எழுத உட்காருவார். நாங்கள் எல்லாம் "இடது", "ஓடு" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவோம். அப்பாவுக்கு எழுத்து என்றால் கிடங்கு அறிவிப்புப் பலகைதான். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப்பிடித்து, "மகளே, உன் பின்புறம் ஒருவன் வருகிறான், கவனிக்கவும்" என்று முற்றுப்புள்ளியோடு முடித்து அனுப்புவார். அது வந்து சேர்வதற்குள் நான் செத்திருப்பேன், அதை எழுதிக்கொண்டிருந்த அப்பாவும் செத்திருப்பார். "பெரியவனே, சற்றுப் பொறுமை காக்கவும்" என்று எழுதுவார். "சின்னவனே, அநாவசியமாகச் சுட வேண்டாம்." எங்களுக்கு வயிறு வலிக்கிற மட்டும் சிரிப்பு.

ஆனால் ஒன்று கவனித்தேன். அப்பா விழுந்தால் முதலில் ஓடிவந்து எழுப்புவது அண்ணன்தான். வண்டியை விட்டுவிட்டு, குண்டுமழைக்கு நடுவில் ஓடி வருவான். அப்பா எழுந்ததும் "நன்றி" என்று எழுதுவார், அதை எழுதும்போது மறுபடி சாவார். அண்ணன் மறுபடி வருவான். கத்தத் தெரியாத ஓர் அப்பா அந்தக் கட்டத்துக்குள் இருந்தார். அவரோடு அண்ணனால் இருக்க முடிந்தது. அந்த ஞாயிறுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. தோற்றுத் தோற்றுச் சந்தோஷமாக இருந்தோம்.

அப்போதுதான் ஆட்டத்தில் குரல் வசதி வந்தது. காதில் மாட்டுகிற மைக் இருந்தால் போதும், அணிக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம், ஒற்றுமையாக ஆடலாம் என்று பெரிதாக விளம்பரம் செய்தார்கள். எதிரணிகள் எல்லாம் பேசிப் பேசி ஆடத் தொடங்கிவிட்டன. நாங்கள் தட்டிக்கொண்டிருக்கும்போதே ஆட்டத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். பொடியன் எல்லோருக்கும் மைக் வாங்கி அனுப்பினான்.

"எனக்கு வேண்டாம்" என்று அண்ணன் தட்டினான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உடனே போன் செய்தேன். "ஏண்டா அண்ணா, எல்லாரும் சேந்து ஆடறது உனக்குப் பொறுக்கலையா?"

"நீங்க பேசிக்கோங்க. நான் தட்டிக்கறேன்."

"அப்பா குரலைக் கேட்டா உனக்கு என்ன, உடம்புல சொறி வந்துடுமா?"

அவன் மெதுவாகச் சொன்னான். "பஸ்ஸை பின்னாடி எடுக்கறப்போ இன்னும் அந்தக் குரல்தான்டி காதுல கேக்குது. ஆட்டத்துலயும் கேட்டா, நான் ஆட்டத்தையே விட்டுடுவேன். இப்ப இருக்கறதாவது இருக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஞாயிறு மதியம் ஒன்றுதான் அவர்கள் இருவருக்கும் இடையே மிச்சம். அதுவும் போய்விட்டால் பிறகு எங்கே பிடிப்பது? கடைசியில் பொடியன்தான் வழி சொன்னான். யாருடைய குரல் வேண்டாமோ அவர் பெயரைத் தொட்டு அதை மட்டும் மூடி வைத்துக்கொள்ளலாமாம். மூடியிருப்பது மற்றவர்கள் திரையில் தெரியாதாம். அண்ணன் சம்மதித்தான்: எங்கள் குரல் கேட்கும், அப்பா குரலை மூடிவிடுவான், அவன் பேச மாட்டான், தட்டுவான்.

முதல் ஞாயிறு அப்பா மைக்கை மாட்டிக்கொண்டார். எழுத்துச் சிறையிலிருந்து விடுதலை. "டேய் சின்னவனே! லெஃப்ட்ல! லெஃப்ட்ல ஒருத்தன்!" என் காது ஒரு நிமிஷம் கொய்ங் என்றது. ஆனால் நான் சாகவில்லை. பொடியனும் சாகவில்லை. அப்பாவுக்குக் கண் கழுகுக் கண். நாள் முழுக்க நாலு பக்கமும் பார்த்த மனிதர். அண்ணன் மட்டும் அப்பா கத்திய திசையிலேயே போய் விழுந்தான்.

"பெரியவனுக்குக் கேக்கலையா?" என்றார் அப்பா.

எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. "இல்லப்பா. உங்க குரலை மூடி வெச்சிருக்கான்."

பொடியன் "அக்கா!" என்றான். அப்பாவின் நாற்காலி கிறீச்சிட்டது.

"சரி விடு" என்றார். "நீ சொல்லு அவனுக்கு. வலது பக்கம் ஒருத்தன் இருக்கான்."

அன்றிலிருந்து நான் தபால்காரி ஆனேன். "அண்ணா, அப்பா வலது பக்கம்னு சொல்றார்." "அண்ணா, அப்பா குனியச் சொல்றார்." தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகும். வாராவாரம் அண்ணனுக்கு இதை நான் சொல்ல, எழுத்தைப் பார்க்கப் போய் அப்பா செத்துவிடாமல் இருக்க அவன் தட்டியதை நான் வாசிக்க, ஒரு ஆட்டத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடிய அலுப்பு.

நான் முன்னாலேயே செத்துவிட்டால் தபாலை நிறுத்தித் தொண்டைக்கு ஓய்வு கொடுத்துவிடுவேன். பொடியனும் விழுந்திருந்த ஒரு மதியம், அப்பாவும் அண்ணனும் மட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு நீண்ட தெருவில் போனார்கள். எதிரிகள் யாரும் இல்லை. அப்பா தானாகப் பேச ஆரம்பித்தார்.

"கிடங்குல கூரையை மாத்திட்டாங்கடா. தகரம் எல்லாம் போயிடுச்சு."

"யாருகிட்டப்பா பேசறீங்க?" என்று, அப்பாவுக்கு மட்டும் கேட்கிற பொத்தானை அமுக்கிக்கொண்டு கேட்டேன்.

"பெரியவன்கிட்டதான். அவனுக்குத்தான் கேக்காதே. சும்மா பேசிட்டு வர்றேன். உனக்கென்ன?"

அதன்பிறகு இது வழக்கமாகிவிட்டது. பக்கத்தில் அண்ணனின் உருவம் வண்டியைத் தள்ளும், அப்பா பேசிக்கொண்டே கூட நடப்பார். முட்டி வலிக்குது என்பார். உன் பொண்ணு உங்கம்மா ஜாடையாமே என்பார். அண்ணன் ஒன்றும் தட்ட மாட்டான், திரும்பக்கூட மாட்டான். நானும் பொடியனும் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருப்போம்.

ஒரு ஞாயிறு குரலைக் கொஞ்சம் கனைத்துக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கு நான்தாண்டா பாக்கலை. வரட்டும் வரட்டும்னு சொல்லிட்டே இருக்கேன், மேனேஜர் மேல இருந்து என்னமோ கேட்டார், அந்தப் பக்கம் திரும்பிட்டேன். வாய் பாட்டுக்கு வரட்டும்னு சொல்லுது. நீயும் என்னை நம்பித்தானே வந்தே. இடிச்ச சத்தம் கேட்டுத்தான் மறுபடி உன் பக்கம் திரும்பினேன். அத்தனை பேர் நிக்கறாங்க. என் தப்புன்னு சொல்ல வாய் வரலை. உன்னைக் கத்திட்டேன்."

இத்தனை வருஷமும் அண்ணன்தான் கவனமில்லாமல் இடித்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் லாரிக்குள் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியுமே, கடைசி நொடிவரை எந்தச் சொல்லைக் கேட்டு அவன் பின்னால் வந்தான் என்று. அவன் எதற்காகக் காத்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதேன், அழுதபடியே அப்பாவுக்கு மட்டும் கேட்கிற அந்தப் பொத்தானை அமுக்கினேன்.

"அப்பா, இதை அவன்கிட்ட சொல்லித் தொலைங்களேன்! இருங்க, நானே போன் பண்றேன்."

"பண்ணாதே." அது கிடங்குக் குரல். "நீ சொன்னா, நான் ஆள் விட்டுச் சொல்லச் சொன்ன மாதிரி ஆயிடும். சொன்னா நான்தான் சொல்லணும். அதுக்கு எனக்கு இன்னும் தைரியம் வரலை. இப்படி அவன் காதுல விழாதுன்னு தெரிஞ்சு சொல்லிப் பாத்துக்கறேன். பழகினா வரும்."

என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அந்த வாயை நான் எத்தனை வாரம் கட்டி வைத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அண்ணனிடம் போனில் பேசினால் நாக்கு நுனிவரை வந்துவிடும். "என்னடி, இழுக்கறே?" என்பான். "ஒண்ணுமில்ல, இருமல்" என்பேன்.

பிறகு ஒரு ஞாயிறு, அன்றைக்கும் நானும் பொடியனும் சீக்கிரமே விழுந்துவிட்டோம். எங்களை எழுப்ப முடியாத தூரத்தில் அப்பாவும் அண்ணனும். வண்டியை ஒரு முட்டுச்சந்துக்குள் தள்ளிவிட்டார்கள். பின்னுக்கு இழுத்துத்தான் வெளியே வர வேண்டும். அந்த ஆட்டத்தில் வண்டியைப் பின்னுக்கு இழுப்பவனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. கொஞ்சம் இழுத்து, விட்டுவிட்டு, திரும்பிப் பார்த்து, மறுபடி இழுக்க வேண்டும். சுவரிலே இடித்தால் வண்டி உடையும், ஆட்டம் முடிந்தது.

அண்ணன் இழுக்க ஆரம்பித்தான். அப்பா சந்தின் வாயில் நின்றிருந்தார். பழக்க தோஷம், அவர் வாய் தானாகத் திறந்தது.

"வரட்டும்... வரட்டும்..."

வண்டி வந்தது. அதில் ஒன்றும் விசேஷமில்லை, எப்படியும் வந்திருக்கும்.

"லெஃப்ட்ல ஒடி."

வண்டி இடதுபக்கம் ஒடிந்தது. நான் நாற்காலி நுனிக்கு வந்தேன்.

"ஒடி, ஒடி, இன்னும்... நேராக்கு. வரட்டும்."

வண்டி நேரானது. அண்ணன் ஒரு முறைகூட விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் குரல் உடையத் தொடங்கியது, ஆனாலும் அவர் கண்ணை எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், இந்த முறை உலகமே கூப்பிட்டிருந்தாலும் எடுத்திருக்க மாட்டார். "வரட்டும்... வரட்டும்... வரட்டும்... போதும்!"

வண்டி நின்றது. சுவருக்கும் அதற்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடைவெளி.

அப்பாவின் மைக் வழியாக அம்மா குரல் கேட்டது: "என்னங்க ஆச்சு? ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

"டேய்" என்றார் அப்பா. "பெரியவனே. உனக்குக் கேக்குதா?"

திரையில் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில், அதுவரை ஒருநாளும் எரியாத சின்ன மைக் விளக்கு எரிந்தது. மின்விசிறிச் சத்தம் வந்தது. அண்ணன் மூச்சை இழுத்துவிடுவது வந்தது.

"கேக்குதுப்பா."

"எப்ப இருந்துடா?" என்று நான் கத்தினேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "தபால்காரி வேலை பாத்து என் தொண்டை போச்சு, பாவி!"

"முதல் வாரம் மட்டும்தான் மூடியிருந்தேன். அப்புறம் கேக்காம இருக்க முடியலை." பிறகு அவன் அப்பாவிடம் சொன்னான். "நீங்க சொன்னது எல்லாம் கேட்டேன்பா."

"எல்லாமா?" அப்பாவின் குரலில் அத்தனை வெட்கம். "அட கடவுளே, முட்டி வலியைக்கூடவா? பெரியவனே, அன்னிக்கு நான்தாண்டா..." தைரியம் வந்துவிட்டது போலிருக்கிறது, கிடங்கு முழுக்கக் கேட்கிற குரலில் ஆரம்பித்தார். "அன்னிக்கு நான்தாண்டா பாக்கலை!"

"அப்பா, அப்பா," என்று அண்ணன் தடுத்தான். அவனும் அழுதுகொண்டிருந்தான். "மெதுவாப்பா. பாப்பா என் மடியில தூங்கறா."

அப்பா அப்படியே நிறுத்திவிட்டார். அவர் நாற்காலிகூடச் சத்தம் போடவில்லை. எங்கிருந்தோ வந்த எதிரி ஒருவன் நின்ற இடத்திலேயே அப்பாவைச் சுட்டான், அண்ணனையும் சுட்டான், வண்டியை உடைத்தான். யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிறகு மைக்கில் ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை, ஏனென்றால் அந்தக் குரல் தாழ்ந்து நான் கேட்டதே கிடையாது.

"தூங்கட்டும்டா," என்றது அது. "நான் மெதுவாவே பேசறேன்."